சிக்கு விழாத கை

ஐயய்யோ, அந்த மஞ்சப் பையைத் தொடாதீங்க சார். மத்தது எதை வேணா எடுங்க. போர்டை எடுங்க, லைஃப் ஜாக்கெட்டை எடுங்க, அந்தா படுத்திருக்கானே கேப்டன், அந்த நாயைக்கூடத் தூக்கி மடியில வச்சுக்கங்க, ஒண்ணும் சொல்ல மாட்டான். அந்தப் பை மட்டும் வேணாம். கோவிச்சுக்காதீங்க. அந்தப் பையாலதான் எங்க வீட்டுல ஒரு காதுகுத்தே நின்னு போகப் பாத்துச்சு.

உக்காருங்க. காலையில நான் ஒரு சுத்து போயிட்டு வந்தேன், அதுக்குள்ள காத்து படுத்துருச்சு. மேக்கேயிருந்து வர்ற கச்சான் காத்து அப்படித்தான். மத்தியானத்துக்கு மேல எந்திரிச்சா அப்புறம் விடாது, உங்க பாடத்தை அப்ப வச்சுக்குவோம். கோயம்புத்தூர்லேர்ந்து இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க, இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டீங்களா? பாத்திமுத்து அக்கா! சாருக்கு ஒரு டீ, எனக்கு ஒரு டீ. மச்சானுக்கு இப்ப வேணாம்.

என் பேரு நம்புராஜன். ராமேஸ்வரத்துப் பக்கம் தெருவுக்கு ரெண்டு நம்பு இருப்பான், எல்லாம் நம்புநாயகி அம்மன் பேரு. அங்கிட்டு வேலி ஓரமா முதுகைக் காட்டிக்கிட்டு போர்டு கழுவுறாரே, அவருதான் என் மச்சான் வில்லாயுதம். என் வீட்டுக்காரி நாகஜோதிக்குக் கூடப் பொறந்த அண்ணன். திரும்புறப்ப அவரு மீசையைப் பாருங்க. அதுக்கு ஒரு கதை இருக்கு, வர்றேன். இந்தக் கேம்ப் எங்க ரெண்டு பேருதும். கடல்ல ஓட்டச் சொல்லித் தர்றது நான். லைனைப் பிரிக்க, மடிக்க, சிக்கு எடுக்கச் சொல்லித் தர்றது அவரு. எனக்கு அந்தப் பாடம் தெரியாது சார். தெரிஞ்சுக்க வேண்டிய தேவையே வரலை. என் கையில சிக்கு விழாது.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

இந்தச் சாமான் என்னன்னு வீடியோவுல பாத்துட்டுத்தான் வந்திருப்பீங்க. பாராவிங். பாராசூட் துணியில ஒரு குட்டிக் குடை மாதிரி. குடைக்காச்சும் கம்பி இருக்கும், இதுக்கு அதுவும் கிடையாது. வெறும் துணி, துணியிலேர்ந்து இறங்குற மெல்லிசு மெல்லிசான லைனு, கைக்குப் புடிக்க பாருன்னு ஒரு குச்சி. முடிஞ்சது. காலுக்கு ஃபாயில் போர்டு. அடியில இறக்கை வச்ச போர்டு, வேகம் வந்தா தண்ணியை விட்டு மேல எந்திரிச்சிரும். குடையைப் புடிச்சுக்கிட்டு காத்துக்கு எதிரா ஏறிப் போறீங்க. பின்னாடி நல்ல அலை ஒண்ணு வருது. உடனே குடையைக் கசக்கி இடுப்புப் பையில திணிச்சிட்டு, ரெண்டு கையையும் வீசிக்கிட்டு அலை மேலயே வரலாம். அந்தச் சுகம் இருக்கே, நாகஜோதிகிட்டச் சொன்னா அடிப்பா, கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு அப்படி இல்லை. சரி, அலை அடங்கிருச்சு. இப்பத் திரும்பக் குடையை எடுத்து உதறணும். அது விரியணும். அங்கதான் விஷயமே. லைன் சிக்கியிருந்தா விரியாது. விரியலைன்னா போர்டு உக்காந்துரும், நீங்களும் உக்காந்துருவீங்க, பந்தியில எலை போடாம உக்கார வச்ச ஆளு மாதிரி, நடுக்கடல்ல.

அதனால மத்தவங்க கரைக்கு வந்ததும் என்ன பண்ணுவாங்க? துணியை மணல்ல விரிச்சு, லைனை ஒண்ணொண்ணாத் தடவி, பேன் பாக்குற மாதிரி குனிஞ்சு உக்காந்திருப்பாங்க. பாக்கவே பாவமா இருக்கும். நான் அப்படி இல்லை. கரைக்கு வருவேன், கசக்குவேன், பையில திணிப்பேன், ஜிப்பை இழுப்பேன், ஆணியில மாட்டுவேன், நேரா அக்கா கடை. மறுநாள் எடுத்து ஒரு உதறு. பளார்னு விரியும். போன வருசக் கச்சான்ல வாங்குனது. வாங்குன நாள்லேர்ந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள் சிக்கு விழுந்ததில்லை. சென்னையிலேர்ந்து வந்த ஒரு தம்பி என்னைய வீடியோவே எடுத்தான். "எப்படிண்ணே இது?"ன்னு கேட்டான். "லைனுக்கு ஆள் தெரியும் தம்பி"ன்னேன். மச்சான் பக்கத்துலதான் நின்னாரு. மீசையை நீவிக்கிட்டாரு.

மச்சான்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் சார். டீக்கு நேரத்துக்கு வர மாட்டாரு. எல்லாரும் போய் உக்காந்து, டீ வந்து, பேச்சு பாதி முடிஞ்சப்புறம்தான் கொட்டாய்க்குப் பின்னாடியிருந்து மெதுவா வருவாரு. கையெல்லாம் உப்பு பூத்திருக்கும். அவரு டீ ஆடை கட்டிப் போய்க் கெடக்கும். அதை ஒரே மடக்குல குடிப்பாரு. "அப்படி என்னதான் பண்ணுவீங்க மச்சான்?"னு கேட்டா, "சும்மா மாப்ள, அங்கிட்டு இங்கிட்டு ஒதுங்க வச்சேன்"பாரு. மனுசன் சுறுசுறுப்பு பத்தாதுன்னு நான் நெனைச்சுக்குவேன். வீட்டுலகூட நாகஜோதிகிட்ட, "உங்கண்ணன் நல்லவருதான், ஆனா வேலையில மந்தம்"னு சொல்லியிருக்கேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. அவளுக்கு அண்ணன் பாசம்.

இந்த ஆனி மாசத்துல ஒரு சாயங்காலம். டீ குடிக்கப் போனவன் கூலிங் கிளாஸை வச்சிட்டு வந்துட்டேன்னு திரும்பி வந்தேன். கொட்டாய்க்குப் பின்னாடி எட்டிப் பாத்தா, மச்சான் மணல்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. மடியில என் துணி. என்னோடது! மஞ்சள்! கால் கட்டை விரல் இடுக்குல என் பாரு. அஞ்சு விரல்லயும் என் லைனு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?

"என்ன மச்சான் பண்றீங்க?"ன்னேன்.

திருட்டு முழி முழிச்சாரு சார். "சும்மா மாப்ள. பாத்துக்கிட்டிருந்தேன்."

"என் பையில உங்களுக்கு என்ன பார்வை?"

"சும்மாதான்."

எனக்குப் புரிஞ்சு போச்சு. அளவெடுக்குறாரு. இவனுக்கு மட்டும் எப்படிச் சிக்கு விழ மாட்டேங்குது, என் லைன்ல என்ன சூட்சுமம்னு துருவிப் பாக்குறாரு. கூடப் பொறந்த மாதிரி நெனைச்ச மனுசனுக்கு இப்படி ஒரு பொறாமையான்னு ஆத்திரம் வந்துருச்சு. "உங்க கையை உங்க பையோட வச்சுக்கங்க. இனி என் சாமான்ல கை வச்சா நல்லாருக்காது"ன்னேன். அவரு என்னையப் பாத்தாரு. மடியில இருந்ததைப் பாத்தாரு. "இந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சிரட்டுமா?"ன்னாரு. "வைங்க கீழ"ன்னேன். வச்சாரு. "சரி மாப்ள"ன்னு மணலைத் தட்டி விட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னைக்கு எனக்கு முன்னாடியே டீ குடிச்சு முடிச்சிட்டாரு, பாத்துக்கங்க. ஆக, மனசு வச்சா நேரத்துக்கு வரத் தெரியும்.

அதோட பேச்சுவார்த்தை நின்னு போச்சு. ஒரே கேம்ப், ஒரே கொட்டாய், ஒரே வாசல். அவரு வந்தா நான் திரும்பிக்குவேன். நான் வந்தா அவரு குனிஞ்சுக்குவாரு. ஆனா கடல் வேலை பாருங்க, பேசாம நடக்காது. காத்து மாறுனா சொல்லணும், படிக்க வந்தவங்க யாரு எங்க மெதக்குறாங்கன்னு சொல்லணும். அதுக்கு நாங்க கேப்டனை வச்சுக்கிட்டோம்.

"கேப்டன், காத்து முறுக்குது, புதுசா வந்தவங்களை உள்ள விட வேணாம்னு அந்த ஆளுகிட்டச் சொல்லு."

"கேப்டன், எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு."

"கண்ணு இருக்குறது எனக்கும் தெரியும், கேப்டன். அந்தக் கண்ணுதான் பிரச்சனையேன்னு சொல்லு."

நாய் என்ன பண்ணும்? என்னையப் பாக்கும், அவரைப் பாக்கும், திரும்ப என்னையப் பாக்கும். கழுத்து வலிச்சிருக்கும் போல, எந்திரிச்சு அக்கா கடைக்குப் போயிரும். பாத்திமுத்து அக்கா அதுக்கு வருக்கி போட்டுக்கிட்டே, "நீயாச்சும் புத்தியோட இருடா"ன்னு எங்க காதுல விழுற மாதிரிச் சொல்லும்.

நான் பைக்கு ஒரு பூட்டு போட்டேன். சூட்கேசுக்குப் போடுற சின்னப் பூட்டு. சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன். யாரு கையும் படக் கூடாதுல்ல.

அங்க புடிச்சுச்சு சனி. பூட்டு போட்ட மறுநாளே சிக்கு. உதறுனா விரியுது, ஆனா ஒரு பக்கம்தான் விரியுது, மறுபக்கம் முறுக்கிக்கிட்டு நிக்குது. அதுக்கடுத்த நாள் நடுவுல முடிச்சு விழுந்து வண்ணத்துப்பூச்சி மாதிரி ரெண்டு துண்டா நிக்குது. ஒரு நாள் பாரு எங்க இருக்குன்னே தெரியலை, துணிக்குள்ள போய்ப் படுத்திருக்கு. படிக்க வந்தவங்க முன்னாடி அசிங்கம். "இது ஒரு புது டெக்னிக்கு"ன்னு சமாளிச்சேன். இழுத்தேன், இறுகிச்சு. இன்னும் இழுத்தேன், இன்னும் இறுகிச்சு. ஒரு வருசமா ஒழுங்கா இருந்த லைனு ஏன் சார் திடீர்னு இப்படிப் பண்ணும்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நான் ஓட்டுறது மாறலை. கசக்குறது மாறலை. திணிக்கிறது மாறலை. மாறுனது ஒண்ணே ஒண்ணுதான். மச்சானோட மனசு. கண்ணு வச்சிட்டாரு!

நாகஜோதியை விட்டு உப்பு மொளகா சுத்தச் சொன்னேன். "எதுக்கு?"ன்னா. "பைக்கு"ன்னேன். அவ கையில இருந்த கரண்டியைக் கீழ வச்சா. "ஏங்க, உப்பையும் மொளகாயையும் சுத்துற நேரத்துல உக்காந்து அந்தச் சிக்கை எடுத்தா என்ன?"ன்னா. பொம்பளைங்களுக்கு இதோட நுணுக்கம் புரியாது. நானே எலுமிச்சம்பழம் வாங்கிச் சுத்திப் போட்டேன். அதுக்கும் அடங்கலை. அப்புறம் கோயில்ல கருப்புக் கயிறு வாங்கி, பூசாரி கையால மந்திரிச்சு, பாருக்குப் பக்கத்துல லைனோட லைனா நல்லா இறுக்கிக் கட்டினேன். நல்ல நீளமான கயிறு, வாலு தொங்குற மாதிரி. அன்னைக்கு விழுந்தது பாருங்க ஒரு சிக்கு! முன்ன விழுந்ததெல்லாம் சும்மா. அப்பத்தான் எனக்கு உறுதியே ஆச்சு, அவரு கண்ணு எம்புட்டுப் பொல்லாத கண்ணுன்னு. கயித்தையே மீறி அடிக்குதே!

இதுக்கு நடுவுலதான் காதுகுத்து.

எனக்கு ஒரே பொண்ணு. தன்ஷிகா. அஞ்சு வயசு நடக்குது. ஆவணியில குலசாமி கோயில்ல காது குத்துறதுன்னு சித்திரையிலயே பேசி வச்சது. உங்க ஊர்லயும் இருக்கும்ல, தாய்மாமன் மடியிலதான் பிள்ளையை உக்கார வைக்கணும். தாய்மாமன்தான் தோடு கொண்டு வரணும். அந்தத் தாய்மாமனை அப்பன்காரன் நேர்ல போய், தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழம் வச்சு, வாய் நெறைய அழைக்கணும். போன்ல சொல்றதோ, ஆள் விட்டுச் சொல்றதோ, நாய் விட்டுச் சொல்றதோ செல்லாது. நாகஜோதி தெளிவாச் சொல்லிட்டா. "நீங்க போய் உங்க வாயால கூப்பிடணும். இல்லைன்னா என் பிள்ளைக்குக் காது குத்த வேணாம். மூளிக் காதோட இருக்கட்டும்."

"எவன் மடியா இருந்தா என்ன? பரமக்குடியில உன் ஒண்ணுவிட்ட அண்ணன் பூபதி இருக்கான்ல, அவனும் மாமன் மொறைதான்"னேன். அன்னைக்கோட அவளும் பேச்சை நிறுத்திட்டா. வீட்டுல நாய் வேற கிடையாது. குழம்புச் சட்டியைப் பாத்துப் பேசுறா, "சோறு வெந்துருச்சு, திங்கிறவங்க திங்கலாம்"னு.

அதைக்கூடத் தாங்கிருவேன் சார். இந்தப் பிள்ளை ஒரு நாள் ராத்திரிச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்குறப்ப, "அப்பா, பூபதி மாமாவுக்கு மீசை இருக்கா?"ன்னுச்சு. "இல்லையே, ஏன்டா?"ன்னேன். வாயில இருந்த சோத்தை முழுங்காம அப்படியே உக்காந்திருச்சு. அப்புறம்தான் தெரியுது, இவளும் அவரும் சித்திரையிலேர்ந்து ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. ஊசி குத்துறப்ப அழக் கூடாது, ரெண்டு கையாலயும் மாமன் மீசையைப் புடிச்சுக்கணும், எம்புட்டு வலிக்குதோ அம்புட்டு இழுக்கணும், மாமன் அழுதுருவேன், நீ அழ வேணாம்னு சொல்லிக் குடுத்திருக்காரு. "மீசை இல்லைன்னா நான் எதைப்பா புடிக்கிறது?"ன்னுச்சு. வாயைத் துடைச்சுவிட்டுட்டுப் படுக்க வச்சேன். தூக்கத்துலகூடப் பிள்ளை கையை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

மனசு சங்கடமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் பையில கை வச்சது அவரு. எறங்கிப் போக வேண்டியது நானா? நீங்களே சொல்லுங்க.

நல்ல நாளுக்கு ஒரு வாரம் இருக்கும். அன்னைக்குக் காத்து முரட்டுக் காத்து. பாடம் எடுக்கலை. எனக்கு ஒரு வீம்பு. சிக்கு விழாத கைன்னு பேரெடுத்தவன், இன்னைக்கு மச்சான் கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்டுறேன்னு கெளம்பிட்டேன். காலையில எடுக்குறப்பக் கொஞ்சம் முறுக்கியிருந்துச்சு. காத்தே பிரிச்சு விடும்னு விட்டுட்டேன். ஏறிப் போனேன். அருமையான அலை. குடையைக் கசக்கித் திணிச்சிட்டு வந்தேன் பாருங்க, ராஜா மாதிரி. அலை அடங்குச்சு. உருவி ஒரு உதறு உதறுனேன். விரியலை. இன்னொரு உதறு. கயிறு, லைனு, பாரு, துணி எல்லாம் சேந்து ஒரு உருண்டை. போர்டு உக்காந்துச்சு. நான் தண்ணிக்குள்ள. லைன் ஒண்ணு போர்டுக்கு அடியில ஃபாயிலைச் சுத்துது, ஒண்ணு என் காலைச் சுத்துது. காலை எடுத்து, போர்டு மேல ஏறி உக்காந்து இழுத்தேன். இழுக்க இழுக்க அது கல்லா இறுகுது. நீரோட்டம் கெழக்க இழுக்குது. அப்படியே விட்டா தலைமன்னார்ல போய்த்தான் டீ குடிக்கணும். நம்ம கொட்டாய் தீப்பெட்டி அளவு ஆயிருச்சு.

அப்பக் கரையிலேர்ந்து ஒரு நீலத் துணி கெளம்புறது தெரிஞ்சுச்சு. மச்சானோடது. நேரா வந்தாரு. என் பக்கத்துல வந்ததும் துணியை அழகா மடக்கி இடுப்புல வச்சிட்டு, போர்டுல உக்காந்தாரு. ஒரு கை நீட்டுனா தொடுற தூரம். என்னையப் பாக்கலை. வானத்தைப் பாத்தாரு. நானும் அவரைப் பாக்கலை. தண்ணியைப் பாத்தேன்.

சிக்கல் என்னன்னா சார், எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு, "கேப்டன், அந்த ஆளுகிட்டச் சொல்லு"ன்னு. கேப்டன் கரையில வருக்கி தின்னுக்கிட்டு இருக்கான். நாகஜோதி இல்லை. அக்கா இல்லை. படிக்க வந்த ஆளுங்க இல்லை. ஒரு கடல்காக்கா கூட இல்லை. நாங்க ரெண்டு பேரும், தண்ணியும். இப்படி ஒரு இக்கட்டு எந்த மச்சான் மாப்பிள்ளைக்கும் வந்திருக்காது.

கொஞ்ச நேரம் மெதந்தோம். கடைசியில அவரு போர்டைத் தட்டிக்கிட்டே, போர்டுகிட்டச் சொல்ற மாதிரி, "இழுக்க இழுக்க இறுகும்னு யாராச்சும் சொன்னாத் தேவலை"ன்னாரு.

நான் கடலைப் பாத்து, "தெரிஞ்சவங்க சும்மா உக்காந்து வேடிக்கை பாத்தா யாருக்குத் தேவலை?"ன்னேன்.

"கை வச்சா நல்லாருக்காதுன்னு சொல்லியிருக்கு. சொன்னவங்க எடுக்கச் சொல்லாம நான் தொட மாட்டேன்."

"அப்பப் போறவங்க போகலாம்."

"போக வழி தெரியாமலா உக்காந்திருக்கேன்?"

போகவும் மாட்டேங்குறாரு, தொடவும் மாட்டேங்குறாரு. கொட்டாய் தீப்பெட்டியிலேர்ந்து தீக்குச்சி மருந்து அளவுக்குப் போயிருச்சு. காத்து இன்னும் ஏறுது. அப்பத்தான் சார் எனக்குப் பயம் வந்துச்சு. எனக்காக இல்லை. இந்த மனுசன் நல்லா விரியுற துணியை இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு நிமிசத்துல கரைக்குப் போகக் கூடியவரு, என்கூடச் சேந்து இழுபட்டுப் போறாரேன்னு பயம். அவரு மீசையெல்லாம் தண்ணி சொட்டுது. பிள்ளை கையை மூடிக்கிட்டுத் தூங்குனது ஞாபகம் வந்துருச்சு.

"மச்சான்"னேன்.

திரும்புனாரு.

"ஆவணியில பிள்ளைக்குக் காது குத்துறோம். நீங்கதான் மடியில வச்சுக்கணும். வந்துருங்க."

சிக்கை எடுங்கன்னு நான் சொல்லலை, கவனிச்சீங்களா? மொறைக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

ரெண்டு அலை போச்சு. அப்புறம், "தாய்மாமனை அழைக்கிற மொறையா மாப்ள இது? தாம்பாளம் எங்க? வெத்தலை பாக்கு எங்க?"ன்னாரு. மீசை ஆடுது. சிரிக்கிறாரா, குளிரான்னு தெரியலை.

நான் சுத்தியும் முத்தியும் பாத்தேன். நடுக்கடல்ல தாம்பாளத்துக்கு எங்க போறது? மடியில கெடந்த அந்த உருண்டையை, துணியும் லைனும் பாருமா அப்படியே அள்ளி, ரெண்டு கையிலயும் ஏந்தி அவரு முன்னாடி நீட்டுனேன். மேல ஒரு கொத்துக் கடப்பாசி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. "வெத்தலைக்கு இதை வச்சுக்கங்க மச்சான்"னேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த மனுசன் ரெண்டு கையாலயும் வாங்குனாரு. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

அப்புறம் எப்படி எடுத்தாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எதையும் இழுக்கலை. நுனி எங்கன்னு தேடலை. பாரை மட்டும் கண்டுபுடிச்சு ஒரு எடத்துல உள்ள விட்டாரு, இன்னொரு எடத்துல வெளிய எடுத்தாரு. லைனை விரல்ல போட்டு லேசா ஒரு ஆட்டு ஆட்டுனாரு. எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, என் லைனு அவரு கைக்கு எப்படி இம்புட்டுப் பழக்கம்னு. நடுவுல நிறுத்தி, எதையோ ரெண்டு விரல்ல தூக்கிப் புடிச்சாரு.

"இது எந்தக் கம்பெனி லைனு மாப்ள? கருப்பா இருக்கு."

"அது திருஷ்டிக் கயிறு."

"யாரு கண்ணுக்கு?"

"உங்க கண்ணுக்குத்தான்"னேன்.

சிரிச்சாரு பாருங்க, போர்டுலேர்ந்து கவுந்து தண்ணிக்குள்ள விழுந்துட்டாரு. விழுந்தவரு என் பாரை மட்டும் விடலை. ஒத்தைக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டே மெதந்தாரு.

கயித்தைப் பல்லால கடிச்சு அறுத்துக் கடல்ல விட்டாரு. துணியைக் காத்துல காட்டுனாரு. பளார்னு விரிஞ்சுச்சு.

காதுகுத்து நல்லபடியா நடந்துச்சு. மறுநாளே நான் தாம்பாளத்தோட போய் இன்னொரு தடவையும் அழைச்சிட்டேன், நாகஜோதி கூடவே வந்து நின்னு பாத்தா. பத்தர் ஊசியை எடுத்ததும் தன்ஷிகா ரெண்டு கையாலயும் மீசையைப் புடிச்சா. சொன்ன சொல் தவறலை, அவ அழலை. மச்சான்தான் கோயிலே திரும்பிப் பாக்குற மாதிரி அழுதாரு. வலியான்னு கேட்டா இல்லைங்கிறாரு. இப்பத் திரும்புறாரு பாருங்க, பாத்தீங்களா? இடது பக்கம் மீசை கொஞ்சம் கம்மியா இருக்கா? அது எம் பிள்ளை புடுங்குனது. வளந்துரும்.

அன்னையிலேர்ந்து திரும்ப ஒரு சிக்கு இல்லை சார். கசக்குறேன், திணிக்கிறேன், மாட்டுறேன், மறுநாள் உதறுனா பளார். எல்லாம் அந்தக் கண்ணு கழிஞ்சதுதான். பூட்டா? பூட்டைத் தன்ஷிகா வளையல் பெட்டிக்குக் குடுத்துட்டேன்.

என்னக்கா? மச்சானுக்கும் சேத்துப் போட்டா என்னவா? வேணாம்க்கா, சொன்னேன்ல. அவரு வந்து உக்காந்ததுக்கு அப்புறம் போடுங்க. ஆடை கட்டுன டீயை அந்த மனுசன் எத்தனை நாளு குடிச்சிருப்பாரு. இனிமே சூடாக் குடிக்கட்டும்.

இல்லை சார், எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்குத்தான் டீக்கு லேட்டா வர்ற பழக்கமாச்சே, அதுக்காகச் சொன்னேன். கழுவி முடிச்சிட்டாரா? கொட்டாய்ப் பக்கம் போறாரா? ஆணியில பை இருக்கா? திரும்பாதீங்க, திரும்பாதீங்க. நாம பாக்குறது தெரிஞ்சா கூச்சப்பட்டுக் கீழ வச்சிட்டு வந்துருவாரு. நாற்காலியை இந்தப் பக்கம் போடுங்க, கடலைப் பாத்து உக்காருங்க.

அக்கா, தண்ணியை மட்டும் கொதிக்க விடுங்க.